சார்ல்ஸ் மிங்கஸைக் கேட்பது எப்படி: ஒரு பேஸ் கலைஞர் தலைமை தாங்கிய இசைத்தட்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

1953 மே 15. கனடாவின் டொரொன்டோ நகரில் உள்ள மாஸி ஹாலில் ஐந்து ஜாஸ் கலைஞர்கள் மேடையேறினார்கள். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மாக்ஸ் ரோச், சார்ல்ஸ் மிங்கஸ். கச்சேரியின் ஒலிநாடாவைப் பிறகு போட்டுக் கேட்ட மிங்கஸுக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை: அவர் வாசித்த பேஸ், அதாவது கீழ்ச்சுரம் தரும் பெரிய தந்திக் கருவி, சரியாகக் காதில் விழவில்லை. ஸ்டுடியோவுக்குப் போய்த் தன் பகுதியை மறுபடி வாசித்து, அந்த ஒலிநாடாவின் மேல் சேர்த்து, தானும் ரோச்சும் 1952இல் தொடங்கியிருந்த 'டெபியூ' என்ற சொந்த நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

மிங்கஸை எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஜாஸ் குழுவில் பேஸ்காரர் வழக்கமாகப் பின்னால் நிற்பவர். எல்லாரும் அவர் மேல்தான் நிற்கிறார்கள், ஆனால் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. தலைமை என்பது ட்ரம்பெட்காரருக்கும் சாக்ஸஃபோன்காரருக்கும் பியானோகாரருக்கும் உரியது என்றிருந்த காலத்தில், ஒருவர் கீழே இருந்துகொண்டே மொத்தக் குழுவையும் நடத்தினார். விமர்சகர்கள் ஐம்பது அறுபது ஆண்டுகளாக அவருடைய தட்டுகளைப் புகழ்ந்து எழுதிவருகிறார்கள். 'மேதை', 'எரிமலை', 'கோபக்காரர்' ஆகிய மூன்று சொற்களும் அந்த எழுத்தில் திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே நமக்கு எதையும் கேட்கச் சொல்லித் தருவதில்லை. புகழுரை எந்த இடத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று நம் காதே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. அவர் தலைமையில் வந்த தட்டுகளில் முக்கியமானவற்றை எந்த வரிசையில் கேட்பது, ஒவ்வொன்றிலும் எதைக் கேட்பது, எந்தப் பாராட்டு எதற்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.

ஆளைப் பற்றி அவசியமான அளவு மட்டும். பிறந்தது 1922 ஏப்ரல் 22, அரிசோனா மாநிலத்தின் நோகாலஸில், ராணுவக் குடியிருப்பில். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில். முதலில் டிராம்போன், பிறகு செல்லோ, பிறகுதான் பேஸ். கறுப்பினப் பையனுக்குச் செவ்வியல் இசைக்குழுவில் இடம் கிடைக்காது என்பதால், செல்லோவை விட்டு பேஸுக்கு மாறச் சொன்னவர் நண்பர் பட்டி காலெட். ரெட் காலெண்டரிடம் பாடம். பின்னர், நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் வாசித்திருந்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் சில ஆண்டுகள். லூயி ஆர்ம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன், ரெட் நார்வோ ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். எந்த இசையமைப்பாளரை வாழ்நாள் முழுக்கக் கும்பிட்டாரோ, அந்த டியூக் எலிங்டனின் குழுவில் 1953இல் சில நாள்கள் மட்டுமே இருந்தார். டிராம்போன் கலைஞர் ஹுவான் டிஸோலுடன் மூண்ட சண்டையில் வேலை போயிற்று.

முன்தயாரிப்பு: எதில் கேட்பது

இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் வீண், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டபுள் பேஸின் நான்கு கம்பிகளில் மிகக் கீழே உள்ளது சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். மேலே உள்ளதுகூட, திறந்த நிலையில், 98 ஹெர்ட்ஸ்தான். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் இந்த அளவுக்குக் கீழே போக முடியாது. நமக்குக் கேட்பது மேல்சுரங்களின் நிழல் மட்டும். அந்த நிழலிலிருந்து கீழ்ச்சுரத்தை மூளையே கற்பனை செய்துகொள்ளும். இப்படிக் கேட்டுவிட்டு 'சத்தமாக இருக்கிறது, பிடிக்கவில்லை' என்று மிங்கஸை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டது குழுவின் மேல்பாதியை மட்டும்தான்.

காதை மூடும் ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. செயலியில் பேஸைக் கூட்டிக்காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது எல்லாக் கீழ்ச்சுரங்களையும் ஒரே உப்பலாக்கி, விரல் கம்பியை இழுத்து விடும் அந்தச் சொடுக்கை மறைத்துவிடும். நமக்கு அந்தச் சொடுக்குதான் வேண்டும்.

இன்னொரு பழக்கம்: ஒவ்வொரு பாடலையும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை எப்படி வேண்டுமானாலும். இரண்டாம் முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு, யார் எவ்வளவு சத்தம் போட்டாலும் விடாமல். இப்படி இரண்டு முறை கேட்டபின் விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். முன்பே படித்துவிட்டால் விமர்சகரின் காதால்தான் கேட்பீர்கள்.

படி 1: 'ஹெய்ஷியன் ஃபைட் ஸாங்', 1957

அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட 'தி க்ளவுன்' என்ற தட்டின் முதல் பாடல். ஏறக்குறைய 12 நிமிடம். பேஸ் தன்னந்தனியாகத் தொடங்குகிறது. அவசரமே இல்லை. கம்பிகளை இழுத்து, நிறுத்தி, தனக்குள்ளேயே பேசிக்கொள்வது போல. பிறகு ஒரு சின்னச் சொற்றொடர் உருவாகி, திரும்பத் திரும்பச் சுழல ஆரம்பிக்கிறது. டேனி ரிச்மண்டின் டிரம்ஸ் வந்து சேரும், ஜிம்மி நெப்பரின் டிராம்போனும் ஷாஃபி ஹாதியின் சாக்ஸஃபோனும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒலி பெருகிக்கொண்டே போகும். அத்தனைக்கும் அடியில் அதே சொற்றொடர், அதே விரல்கள்.

பேஸ் 'துணைக்கருவி' அல்ல, 'குரல்' என்று விமர்சகர்கள் எழுதும்போது இந்தத் தொடக்கம் அவர்கள் மனதில் இருக்கும். ஆனால் இன்னும் முக்கியமானது அதற்குப் பின்னால் நடப்பது. தனிவாசிப்புகளின்போது தாளம் ஒரே சீராக ஓடுவதில்லை. திடீரென்று இருமடங்கு வேகம், திடீரென்று பாதி, திடீரென்று குத்திக் குத்தி நிறுத்தும் அடிகள். வாசிப்பவர் எந்த வழியில் போகலாம் என்று கதவைத் திறப்பதும் மூடுவதும் பேஸும் டிரம்ஸும்தான். தலைவர் மேடையின் முன்னால் நிற்கவில்லை. தரையையே அசைத்து ஆளை நகர்த்துகிறார்.

ஹெய்ட்டியின் அடிமைகள் பிரான்சுக்கு எதிராக எழுந்து வென்ற வரலாறு தலைப்பில் இருக்கிறது. இதை ஆஃப்ரிக்க அமெரிக்கப் போராட்டப் பாடல் என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் மிங்கஸ் அந்தத் தட்டின் உறைக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். அடிப்படை பன்னிரண்டு தாள அளவு ப்ளூஸ்தான், கறுப்பின மக்களின் பாடல் மரபிலிருந்து வந்த மிக எளிய வடிவம். அதிலிருந்து இவ்வளவு கட்ட முடியும் என்பதை முதலிலேயே கேட்டுவிட்டால் பிறகு வருவது எதுவும் அச்சுறுத்தாது.

படி 2: ஓராண்டு பின்னால் போங்கள்

'பிதெகாந்த்ரொபஸ் எரெக்டஸ்' 1956 ஜனவரி 30 அன்று பதிவானது. நிமிர்ந்து நின்ற முதல் மனிதனைப் பற்றிய பத்து நிமிடச் சொச்சம் இசை. பரிணாமம், தானே உயர்ந்தவன் என்ற இறுமாப்பு, சரிவு, அழிவு என்று நான்கு பகுதிகள். கதை தெரிந்தால் கேட்க உதவும். ஆனால் விமர்சகர்கள் இந்தத் தட்டைத் திருப்புமுனை என்பது கதைக்காக அல்ல, செய்முறைக்காக.

அதுவரை எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவந்த மிங்கஸ், இந்தத் தட்டிலிருந்து எழுதிக் கொடுப்பதைப் பெரும்பாலும் விட்டார். இசை அவர் தலைக்குள் இருக்கும். பியானோவில் வாசித்துக் காட்டுவார். ஒவ்வொருவரும் தன் பகுதியைக் காதால் பிடித்து, தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். குருவிடம் வாய்ப்பாடமாகக் கற்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு. எழுத்துப் பிரதியைச் சுற்றியே இயங்கிய அமெரிக்க ஸ்டுடியோவில் இது பெரிய துணிச்சல். தாளைப் பார்த்து வாசிப்பவர் சுரத்தைச் சரியாக வாசிப்பார். காதில் வாங்கியவர் தன் குணத்தையும் சேர்த்தே வாசிப்பார். ஜாக்கி மெக்லீனின் ஆல்டோ சாக்ஸஃபோனும் ஜே.ஆர். மாண்டரோஸின் டெனர் சாக்ஸஃபோனும் ஒன்றையொன்று முட்டி அலறும் இடங்களைக் கேளுங்கள். சில ஆண்டுகள் கழித்து 'ஃப்ரீ ஜாஸ்' என்று பெயர் பெற்றதன் முன்னோட்டம் இங்கே இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வது இந்த இடங்களைப் பார்த்துத்தான். எனக்கு அது பாதி உண்மை. ஃப்ரீ ஜாஸில் அடித்தளமும் விடுதலை கேட்கும். இங்கே அடித்தளம் மிங்கஸின் கைப்பிடியை விட்டு ஒரு கணமும் போவதில்லை.

படி 3: வசைக்கு வந்த பதில்

எல்லா விமர்சனமும் புகழ்ச்சியாக இருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் மிங்கஸின் இசை மூளையால் செய்தது, போதிய ஸ்விங், அதாவது உடலை ஆட்டுவிக்கும் தாளத் துள்ளல், இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். அப்படியானால் முழுக்க முழுக்க ப்ளூஸ் தட்டு ஒன்று செய்து காட்டுங்கள் என்று அட்லாண்டிக்கின் நெசுஹி எர்டெகுன் யோசனை சொன்னார். 1959 பிப்ரவரி 4 அன்று ஒன்பது பேர் கூடி 'ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ்' பதிவானது.

'வென்ஸ்டே நைட் ப்ரேயர் மீட்டிங்' போட்டுவிட்டுக் காலைக் கட்டிப்போட முடிகிறதா பாருங்கள். வாட்ஸில் சிறுவன் மிங்கஸைச் சிற்றன்னை கூட்டிப்போன ஹோலினஸ் என்ற கிறிஸ்தவச் சபையின் புதன்கிழமைக் கூட்டம் இது. கைதட்டல், கூச்சல், ஒருவர் சொல்ல மற்றவர் ஓங்கிப் பதில் சொல்வது. நடுவில் கேட்கும் அலறல்கள் மிங்கஸுடையவை. வாசித்துக்கொண்டே கத்துகிறார்: உற்சாகப்படுத்த, அடுத்தவரை உள்ளே இழுக்க, வேகத்தை ஏற்ற. 'மோனின்' என்ற பாடலில் பெப்பர் ஆடம்ஸின் பாரிடோன் சாக்ஸஃபோன் மட்டும் முதலில் முனகத் தொடங்கி, அதன் மேல் ஒவ்வொரு கருவியாக வேறு வேறு மெட்டோடு வந்து உட்காரும். எத்தனை மெட்டு ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் முதலில் எண்ணியபோது பாதியிலேயே தவறவிட்டேன்.

ஸ்விங் இல்லை என்று இந்தத் தட்டுக்குப் பிறகு சொல்ல முடியாமல் போயிற்று. ஒரு குறையுரை நல்ல இசையை வரவழைத்த அபூர்வமான தருணம் என்பதால் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

படி 4: 'மிங்கஸ் ஆ அம்', நிதானமாக

மூன்று மாதம் கழித்து, மே 5, மே 12 ஆகிய இரண்டு நாள்களில், கொலம்பியா நிறுவனத்தின் நியூயார்க் 30ஆம் தெரு ஸ்டுடியோவில், டியோ மசேரோவின் தயாரிப்பில் பதிவானது இது. 'உஸ், ஆ, அம்' என்பது லத்தீன் இலக்கணத்தில் பெயரடைகளின் மூன்று பால் விகுதி. பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் அந்த வாய்ப்பாட்டில் தன் பெயரைச் செருகிக்கொண்டார். புகழ்பெற்ற ஜாஸ் தட்டுகளான 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 'டைம் அவுட்' இரண்டும் அதே ஆண்டில், அதே நிறுவனத்திற்காக, அதே ஸ்டுடியோவில் பதிவானவை. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 'மிங்கஸ் ஆ அம்'மைச் சேர்த்தது. 2013இல் கிராமி ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது.

விமர்சகர்கள் இதைத் தொடக்கநிலைக் கேட்பாளருக்கு முதலில் பரிந்துரைப்பார்கள். நான் நான்காவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மெட்டுகள் மிக இனிமையானவை. அதிலேயே மயங்கி, அடியில் நடப்பதைக் கேட்காமலே போய்விடுவோம். இப்போது காது தயாராகியிருக்கும்.

இந்தத் தட்டை ஜாஸின் முழு வரலாற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த இசை என்று பாராட்டுவார்கள். சரியான பாராட்டு. 'பெட்டர் கிட் இட் இன் யுவர் ஸோல்' என்ற முதல் பாடல் தேவாலயம். புக்கர் எர்வினின் டெனர் தனிவாசிப்பின்போது மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கைதட்டலும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும் இடம் வரும். 'ஜெல்லி ரோல்' நியூ ஆர்லியன்ஸின் ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு. 'ஓபன் லெட்டர் டு டியூக்' எலிங்டனுக்கு. எலிங்டனின் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஆறு ஆண்டு கழித்து எழுதிய கடிதம் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

'குட்பை போர்க் பை ஹாட்' சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கு அஞ்சலி. யங் அந்த மார்ச் 15 அன்று இறந்திருந்தார். அவர் எப்போதும் அணிந்த தட்டையான தொப்பிதான் தலைப்பு. இதுவும் பன்னிரண்டு தாள அளவுதான், ஆனால் ப்ளூஸின் வழக்கமான மூன்று ஸ்வரக்கட்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு, 'கார்டு') இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு அடிக்கும் கீழே தளம் மாறிக்கொண்டே இருக்கும். மேலே மெட்டு எளிமையாக, துக்கம் விசாரிக்க வந்தவர் போல மெல்லப் போகும். ஜான் ஹேண்டியின் டெனரில் ஓரிடத்தில் சுரம் நடுங்கிப் படபடக்கும். அந்த இடத்தில் பேஸ் எதுவும் செய்யாமல் அப்படியே தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது அதை மட்டும் கவனியுங்கள்.

'ஸெல்ஃப் போர்ட்ரெயிட் இன் த்ரீ கலர்ஸ்' பலரும் தாண்டிவிடும் மூன்று நிமிடம். இதில் மனோதர்ம வாசிப்பே கிடையாது. ஒரு மெட்டு, அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது, அவ்வளவுதான். தனிவாசிப்பு இல்லாத ஜாஸா என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பதில்.

எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1959இல் தட்டில் இடம் போதவில்லை என்று சில பாடல்களை வெட்டிச் சுருக்கினார்கள். பிற்காலக் குறுந்தகடுகளில் முழு நீளமும் திரும்பக் கிடைத்தது. இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. முழுநீளப் பதிப்பையே கேளுங்கள்.

'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' என்ற பாடலை இப்போதைக்கு ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த படி இருக்கிறது.

படி 5: அதே பாடல், சொற்களோடு

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்க ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் தேசியக் காவல் படையை நிறுத்தினார். மிங்கஸ் எழுதிய கேலி அணிவகுப்பு மெட்டு அவரைப் பற்றியது. சொற்களைப் பதிவுசெய்ய கொலம்பியா விடவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. 1960 அக்டோபரில், நாட் ஹென்டாஃப் நடத்திய 'காண்டிட்' நிறுவனத்திற்காக அதைச் சொற்களோடு பதிவுசெய்தார். 'சார்ல்ஸ் மிங்கஸ் ப்ரெசென்ட்ஸ் சார்ல்ஸ் மிங்கஸ்' என்பது அந்தத் தட்டு. மிங்கஸ் கேள்வி கேட்பார், டிரம்ஸ் வாசித்துக்கொண்டே டேனி ரிச்மண்ட் பெயர் சொல்லிப் பதில் தருவார். சொல் இல்லாத பதிப்பையும் சொல் உள்ள பதிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் வேடிக்கையாகத் தோன்றிய மெட்டு இரண்டாவதில் எவ்வளவு கசப்பு என்று புரியும்.

இந்தத் தட்டில் நான்கே பேர்: சாக்ஸஃபோனிலும் பேஸ் கிளாரினெட்டிலும் எரிக் டால்ஃபி, ட்ரம்பெட்டில் டெட் கர்ஸன், மிங்கஸ், ரிச்மண்ட். பியானோ கிடையாது. ஸ்வரக்கட்டுகளை விரித்துக் காட்ட யாருமில்லை என்றால் பேஸ் தளமும் ஆக வேண்டும், தாளமும் ஆக வேண்டும், பேச்சும் ஆக வேண்டும். 'ஃபோக் ஃபார்ம்ஸ் நம்பர் ஒன்' பேஸின் ஒரு சின்னத் தாளக்கட்டிலிருந்து பதின்மூன்று நிமிடம் வளர்வதைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் பதிவானாலும் மதுவிடுதி ஒன்றில் இருப்பது போலப் பாவித்து, கைதட்ட வேண்டாம், கண்ணாடிக் குவளைகளை உரசி ஓசை எழுப்ப வேண்டாம் என்று இல்லாத கூட்டத்திடம் மிங்கஸ் கேட்டுக்கொள்வார். விடுதிகளில் பேஸ் தனிவாசிப்பு தொடங்கியதும் பேச்சுச் சத்தம் எழுவதைப் பல ஆண்டு பொறுத்துக்கொண்ட ஒருவரின் வேண்டுகோள் அது.

'வாட் லவ்' இந்த வழிகாட்டியின் உச்சம் என்பேன். பாதி தாண்டியதும் மிங்கஸின் பேஸும் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் மட்டும் தனியாக நிற்கும். தாளம் நின்றுவிடும். பிறகு நடப்பது பேச்சு. திட்டுவது, மறுத்துச் சொல்வது, கெஞ்சுவது, முணுமுணுப்பது எல்லாம் சுரங்களில். குழுவை விட்டுப் போகப்போவதாக டால்ஃபி சொல்லியிருந்தார் என்பது பின்னணி. விமர்சகர்கள் கருவிகளின் 'உரையாடல்' என்று எழுதுவது பெரும்பாலும் உவமைதான். இங்கே உவமை இல்லை. இரண்டு பேர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாக ஊகிக்கலாம். 1964இல் டால்ஃபி மறுபடி மிங்கஸோடு சேர்ந்து ஐரோப்பா சென்றார், அங்கேயே தங்கினார், அந்த ஜூன் 29 அன்று பெர்லினில் இறந்தார். அது தெரிந்த பிறகு 'வாட் லவ்' வேறு மாதிரி கேட்கும்.

படி 6: ஒரு சின்னச் சோதனை

'ஓ யெஹ்' 1961 நவம்பரில் பதிவானது. இதில் மிங்கஸ் பேஸைத் தொடவே இல்லை. பியானோ வாசிக்கிறார், பாடுகிறார். பேஸ் வாசிப்பவர் டக் வாட்கின்ஸ். இரண்டு பாடல் போதும். பேஸ் இல்லாமலும் அதே குழு, அதே கூச்சல், அதே தள்ளுமுள்ளு. அவருடைய தலைமை விரலில் மட்டும் இல்லை, மனிதர்களைத் தேர்ந்தெடுத்து உசுப்பும் முறையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தெரியாது.

அந்த உசுப்பலுக்கு இருண்ட பக்கமும் இருந்தது, புகழுரைகள் அதை 'கலைஞனின் கோபம்' என்று மெழுகிவிடுகின்றன. 1962இல் மிங்கஸ் ஜிம்மி நெப்பரின் வாயில் குத்தினார். பல் உடைந்தது. டிராம்போன்காரருக்கு வாய்தான் வாழ்வு. வாசிக்கும் திறனே பாதிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றம் போய் மிங்கஸுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 'ஆ அம்' தட்டில் நெப்பர் வாசித்ததை மறுபடி கேளுங்கள். அந்த அழகை உண்டாக்கியவரையே இவர் அடித்தார். இதைத் தெரிந்துகொண்டுதான் இவருடைய இசையை நேசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 7: 'தி ப்ளாக் ஸெயின்ட் அண்ட் த ஸின்னர் லேடி'

இதற்கு நாற்பது நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்கும் தட்டு அல்ல. 1963 ஜனவரி 20 அன்று, இம்பல்ஸ் நிறுவனத்திற்காக, பாப் தீலின் தயாரிப்பில், பதினொரு பேர். நாட்டியத்திற்கான இசை போல ஆறு பகுதிகள். கடைசி மூன்றும் ஒரே ஓட்டமாகத் தட்டின் பின்பக்கம் முழுவதையும் நிறைக்கும். மிங்கஸின் உளவியலாளர் எட்மண்ட் பொல்லாக் உறைக்குறிப்பின் ஒரு பகுதியை எழுதினார். ஒரு ஜாஸ் தட்டுக்கு அப்படி ஒருவர் எழுதியது வேறெங்கும் நான் கண்டதில்லை.

ரிச்சர்ட் குக், பிரையன் மார்ட்டன் இருவரும் தொகுத்த பெங்குவின் ஜாஸ் வழிகாட்டி உச்சமான நான்கு நட்சத்திரத்தோடு மகுடக் குறியும் இதற்குத் தந்தது. ஆயிரக்கணக்கான தட்டுகளில் மிகச் சிலவற்றுக்கே அவர்கள் தந்த குறி அது. ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

முதல் முறை வேகத்தை மட்டும் பின்தொடருங்கள். இசை மெல்ல மெல்ல முடுக்கிக்கொண்டு ஓடி, மூச்சு வாங்கி, தளர்ந்து, மறுபடி ஓடும். குறிப்பாகப் பின்பக்கத்தில். பதினொரு பேர் சேர்ந்து வேகத்தைக் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பது குழுவில் வாசித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கயிறு பேஸின் கையில் இருக்கிறது.

இரண்டாம் முறை நிறங்களைக் கேளுங்கள். டான் பட்டர்ஃபீல்டின் டியூபாவும் ஜெரோம் ரிச்சர்ட்ஸனின் பாரிடோனும் கீழே உறுமும். க்வென்டின் ஜாக்ஸன் டிராம்போன் வாயை அடைத்துத் திறந்து மனிதக் குரல் போல அழ வைப்பார். அவர் எலிங்டனின் குழுவில் பல ஆண்டு இருந்தவர், அந்த வித்தை அங்கிருந்து வந்தது. நடுவில் திடீரென்று ஜே பெர்லினரின் ஸ்பானிய கிதார். எல்லாவற்றுக்கும் மேலே சார்லி மாரியானோவின் ஆல்டோ. அதன் சில பகுதிகளை மிங்கஸ் பிறகு மேலே சேர்த்துப் பதிந்தார். அக்காலத்து ஜாஸில் அப்படிச் செய்வது தகாத காரியமாகப் பார்க்கப்பட்டது.

மூன்றாம் முறை என்ன கேட்பது என்று நான் சொல்லப்போவதில்லை.

படி 8: இடைவெளிக்குப் பின்

1960களின் நடுவில் மிங்கஸ் சரிந்தார். 1966இல் நியூயார்க் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். சில ஆண்டுகள் மேடையே இல்லை. 1971இல் குகன்ஹைம் நல்கை வந்தது, தன்வரலாறு வெளியானது, டவுன்பீட் என்ற ஜாஸ் இதழின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 1972இல் வந்த 'லெட் மை சில்ட்ரன் ஹியர் ம்யூஸிக்' பெரிய இசைக்குழுவோடு செய்தது. தன் தட்டுகளிலேயே அதுதான் சிறந்தது என்று அவர் கருதினார். அதற்கு அவரே எழுதிய உறைக்குறிப்பு கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பதினேழு வயதில் எழுதிய 'தி சில் ஆஃப் டெத்' முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து இதில்தான் ஒலித்தது.

சிறிய குழுவோடு வந்த கடைசி உச்சம் 1974 டிசம்பர் இறுதியில் பதிவான 'சேஞ்சஸ் ஒன்', 'சேஞ்சஸ் டூ'. டெனரில் ஜார்ஜ் ஆடம்ஸ், ட்ரம்பெட்டில் ஜாக் வால்ரத், பியானோவில் டான் புல்லன், டிரம்ஸில் அதே ரிச்மண்ட். எலிங்டன் அந்த மே மாதம் இறந்திருந்தார். 'டியூக் எலிங்டன்ஸ் ஸவுண்ட் ஆஃப் லவ்' இரண்டு தட்டிலும் உண்டு, ஒன்றில் சொல்லின்றி, மற்றதில் ஜாக்கி பாரிஸின் குரலில். சொல் இல்லாததை முதலில் கேளுங்கள். 'ஸூஸ் சேஞ்சஸ்' பதினேழு நிமிடம் மனைவி ஸூவின் மனநிலை மாற்றங்களைத் தொடர்ந்து போகும்: கனிவு, எரிச்சல், வெடிப்பு, மறுபடி கனிவு. 'ப்ளாக் ஸெயின்ட்' செய்த அதே வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள்.

பிறகு நரம்பு நோய் வந்தது. கை கம்பியைப் பிடிக்க மறுத்தபோது சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒலிப்பதிவுக் கருவியில் மெட்டுகளைப் பாடி வைத்தார். 1979 ஜனவரி 5 அன்று, 56 வயதில், மெக்ஸிகோவின் குவெர்னவாக்காவில் இறந்தார். இளமையில் ஓவியர் ஃபார்வெல் டெய்லர் மூலம் வேதாந்தச் சிந்தனை அவருக்கு அறிமுகமாகியிருந்தது. அவர் விருப்பப்படி ஸூ அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.

கடைசியாக, அவர் கேட்காத ஒன்று

'எபிடாஃப்' மேலே சொன்ன எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான். 1962 அக்டோபரில் நியூயார்க் டவுன் ஹாலில் இதன் பகுதிகளை அரங்கேற்ற மிங்கஸ் முயன்றார். நேரம் போதவில்லை, மேடையில் கச்சேரி நடக்கும்போதே ஓர் ஓரத்தில் பிரதி எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரும் தோல்வி. தாள்கள் மூட்டை கட்டப்பட்டன. அவர் இறந்த பிறகு கையெழுத்துப் பிரதிகளை வகைப்படுத்திய ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹாம்ஸி, தனித்தனிப் பாடல்களாகத் தோன்றிய தாள்களில் தாள அளவுகளின் எண்கள் ஒரே தொடராக 4235 வரை போவதைக் கண்டார். தனிப் பாடல்கள் அல்ல, ஒரே படைப்பு. 1989 ஜூன் 3 அன்று லிங்கன் சென்டரின் ஆலிஸ் டல்லி ஹாலில் குந்தர் ஷுல்லர் சுமார் முப்பது பேர் கொண்ட குழுவை நடத்த, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது ஒலித்தது.

ஒரே அமர்வில் கேட்க முயல வேண்டாம், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேஸ் வாசிப்பது மிங்கஸ் இல்லை. எந்தெந்த இடங்களில் அவருடைய விரல் இல்லாதது தெரிகிறது, எந்தெந்த இடங்களில் தெரியவே இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேளுங்கள்.